அட்டபங்கன் பாட்டும் சண்டமாரி கோயிலும்

தென்னிந்தியச் சைன இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் எழுதப்பெற்ற கதைகளுள் யசோதரன் கதை குறிப்பிடத்தக்கது. தமிழில் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படும் யசோதர காவியமும், கன்னடத்தில் ஜன்னன் 1209இல் இயற்றிய யசோதர சரிதையும் இக்கதையின் இரு கிளைகள். கொலை மறுத்தல் என்னும் அறத்தை வலியுறுத்தும் கதை என்றே இதனை இலக்கிய வரலாற்று நூல்கள் அறிமுகம் செய்கின்றன. அது உண்மையே. எனினும் இக்கதையை இயக்குவன இரண்டு. ஒன்று, உடல் கோணிய யானைப்பாகன் ஒருவன் இரவில் பாடும் பாட்டு. மற்றொன்று, பலி கேட்கும் சண்டமாரி என்னும் கொடுந்தெய்வமும் அவளைச் சூழ்ந்த பேய்மகளிர் கூட்டமும். இவ்விரண்டையும் சொல் வரலாற்றின் துணையோடு நோக்கினால், தமிழ் கன்னட நிலப்பகுதிகளில் இசை, பலி, தாய்த்தெய்வம் ஆகியன குறித்து நிகழ்ந்த நீண்ட வழக்கு ஒன்று புலப்படும். அவ்வழக்கு மைசூர் வட்டாரத்தில் இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

கதையும் அதன் வழிகளும்

இராசபுரத்து மன்னன் மாரிதத்தன் சண்டமாரிக்கு உயிர்கள் அனைத்திலும் இவ்விரண்டு பலியிட முனைகின்றான். மக்களிலும் ஓர் இணை வேண்டும். காவலர் இளந்துறவியர் இருவரைப் பிடித்து வருகின்றனர். அபயருசி, அபயமதி என்னும் அவ்வுடன்பிறந்தார் பலிபீடத்தின்முன் அஞ்சாது நிற்கின்றனர். மன்னன் வியந்து வினவத் தம் முற்பிறவிகளைச் சொல்கின்றனர். உச்சயினி வேந்தன் யசோதரன், அவன் தாய் சந்திரமதி, மனைவி அமிர்தமதி. ஒரு நாள் இரவில் யானைக்கொட்டிலிலிருந்து எழுந்த பாட்டில் அரசி மனத்தை இழக்கின்றாள். பாடியவனைக் கண்டு வரச் சென்ற தோழி, அவன் உருவத்தைக் கண்டு அருவருத்துத் திரும்புகின்றாள். அரசியோ அவனையே நாடுகின்றாள். பின்தொடர்ந்து சென்ற அரசன் காண்பது, காலம் தாழ்ந்து வந்தமைக்காகப் பாகன் அரசியை அடிப்பதும் அவள் அவனிடம் கெஞ்சுவதுமாகும். ஓங்கிய வாளை அவன் மீண்டும் உறையில் இடுகின்றான். கண்டதைத் தாயிடம் கூற நாணித் தீக்கனவு என்று சொல்லி மறைக்கின்றான். கனவின் கேடு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் வற்புறுத்துகின்றாள். மகன் மறுக்கின்றான். இறுதியில் மாவினால் செய்த கோழி ஒன்றைப் பலியிட இருவரும் உடன்படுகின்றனர். அரசி இருவருக்கும் நஞ்சூட்டுகின்றாள். மயில், நாய், பாம்பு, மீன், ஆடு, கோழி எனப் பல பிறவிகளில் அவர்கள் கொல்லப்பட்டு, முடிவில் அபயருசியும் அபயமதியுமாகப் பிறக்கின்றனர்.

இக்கதை தமிழ்நாட்டிலோ கன்னட நாட்டிலோ தோன்றியதன்று. 8ஆம் நூற்றாண்டில் ஹரிபத்திரர் பிராகிருதத்தில் எழுதிய சமராயிச்சகதையில் இதன் பழைய வடிவம் உள்ளது. 10ஆம் நூற்றாண்டில் புட்பதந்தர் அபப்பிரம்சத்திலும், சோமதேவ சூரி வடமொழியிலும் இதனை விரித்தனர். சோமதேவரின் யசஸ்திலகம் 959இல் நிறைவெய்தியது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் சோழ பாண்டிய சேரரை வென்று மேற்பாடியில் தங்கியிருந்த காலம் அது என்று நூலின் இறுதியில் அவரே குறித்துள்ளார். மேற்பாடி முன்னைய வடார்க்காடு மாவட்டத்து ஊர். பிற்காலத்தில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயன் நினைவாகக் கோயில் எடுத்ததும் அவ்வூரிலேதான். நூல் இயற்றப்பட்ட இடம் வேறெனினும், தமிழ் மண்ணில் பாசறை இட்டிருந்த ஒரு கன்னட வேந்தனின் பெயரோடு இக்கதையின் வடமொழிப் பெருவடிவம் முடிவது நினைவிற் கொள்ளத்தக்கது. 11ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கியர் அவையில் விளங்கிய வாதிராசர் இதனைச் சுருக்கிப் பாடினார். ஜன்னன் போசள மன்னன் இரண்டாம் வீரவல்லாளனிடம் கவிச்சக்கரவர்த்தி என்னும் பட்டம் பெற்றவன். கன்னட இலக்கண நூலாகிய சப்தமணி தர்ப்பணத்தை இயற்றிய கேசிராசனுக்கு அவன் தாய்மாமன் என்பது மரபு. தமிழ்க் காப்பியத்தின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. அதன் காலம் பற்றியும் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை.

பெயரில் தங்கிய சாபம்

பாகன் பெயர் தமிழில் அட்டபங்கன், கன்னடத்தில் அஷ்டாவங்கன். இரண்டும் எட்டு இடத்தில் கோணல் உடையவன் என்றே பொருள்படும். ஆனால் இரண்டும் ஒரே சொல் அல்ல. தமிழ் வடிவம் ஒடிவு, வளைவு என்னும் பொருளுடைய பங்கம் என்பதைக் கொண்டது. கன்னட வடிவம் வக்ரம் என்பதன் பிராகிருதத் திரிபாகிய வங்கம் என்பதைக் கொண்டது. இதனை நோக்கினால் கன்னடப் பெயர் அஷ்டாவக்ரன் என்னும் பழம்பெயரின் மறுவடிவம் என்பது தெளிவு. பாரதத்தின் ஆரணிய பருவத்தில் வரும் அஷ்டாவக்ரர், தாயின் கருவில் இருந்தபோதே தந்தை ஓதியதில் பிழை கண்டு கூறியமையால், அத்தந்தையாலேயே எட்டுக் கோணல் உறுமாறு சபிக்கப்பட்டவர். குரலின் பிழையைச் செவியால் அறிந்தவனுக்குக் கிடைத்த தண்டனை அது.

யசோதரன் கதையில் பாகனை எவரும் சபிக்கவில்லை. அவன் கோணலுக்குக் காரணம் தேட வேண்டிய தேவையும் சைனப் புலவர்க்கு இல்லை. பழவினை என்ற ஒன்றே போதும். சாபம் சைனச் சார்புடைய இலக்கியத்திற்கு அயலானது என்று சொல்லிவிடவும் இயலாது. சிலப்பதிகாரத்தில் சைனத் துறவியாகிய கவுந்தியடிகளே கோவலன் கண்ணகியரை இகழ்ந்த இருவரை நரியாகுமாறு சபிக்கின்றார். அந்நூலே அகத்தியர் சாபத்தால் உருப்பசி மண்ணில் பிறந்ததையும், சயந்தன் மூங்கிலானதையும், நாரதன் வீணை மங்கலம் இழந்ததையும் ஆடற்கலையின் தோற்றக் கதையாகச் சொல்கின்றது. அங்கே சாபம் கலையை மண்ணுக்குக் கொண்டுவரும் வழி. யசோதரன் கதையிலோ கலை ஏற்கெனவே மண்ணில், யானைக்கொட்டிலின் வைக்கோலில் கிடக்கின்றது. சபித்தவர் பெயரைக் கதை விட்டுவிட்டது. சாபம் பெற்றவன் பெயரை மட்டும் பாகனுக்குச் சூட்டிவிட்டது.

இங்கு வாதிராசரைப் பற்றிய ஒரு செய்தியைச் சுட்டலாம். அவர் தொழுநோயால் வருந்தி, ஏகீபாவ தோத்திரம் பாடி நலம் பெற்றார் என்பது சைனர் வழங்கும் வரலாறு. அது உண்மையாயினும் பிற்காலப் புனைவாயினும், நோயுற்ற உடலும் இனிய பாட்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தல் கூடும் என்பதைச் சைன மரபு அறிந்தே இருந்தது. புலவனிடம் அது அருளாகவும் பாகனிடம் அது கேடாகவும் முடிந்தது.

உஞ்சையின் இரு பாடகர்

பாகன் பாடிய பண் மாளவபஞ்சமம் என்று தமிழ்க் காப்பியம் குறிக்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் கிராமராகங்களின் வேசர வகையுள் இப்பெயர் இடம்பெறுகின்றது. தேவாரத்தில் பஞ்சமம் என்ற பண் உண்டு. மாளவ என்ற அடை அதற்கு இல்லை. உச்சயினி மாளவ நாட்டுத் தலைநகர். ஆகவே தமிழ்ப் புலவர் கதை நிகழும் நாட்டுக்கு ஏற்ற பண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்று கொள்ளலாம். எளிய பாகன் ஒருவன் பாட்டுக்கு இசைநூல் வழக்கில் உள்ள பெயரைத் தந்திருப்பது அதனினும் நோக்கத்தக்கது. அவன் பாடியது கொட்டிலில் முணுமுணுத்த ஏதோ ஒரு மெட்டு அன்று. இலக்கணம் உடைய இசை. உடலை எவ்வளவு இழித்துரைத்தாலும், குரலை இழித்துரைக்க அப்புலவர் மனம் ஒப்பவில்லை.

உச்சயினியில் யானையோடும் இசையோடும் தொடர்புடைய மற்றொருவனைத் தமிழர் நன்கறிவர். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், உஞ்சை நகரில் சிறைப்பட்ட உதயணன், மதங்கொண்ட நளகிரி என்னும் யானையைத் தன் யாழிசையால் அடக்குகின்றான். பின் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும் ஆசானாகி அவளை மணக்கின்றான். பெருங்கதையும் சைனர் நூலே. இக்கதையின் பௌத்த வடிவம் தம்மபத உரையில் உள்ளது. அதில் மன்னன் சண்டபச்சோதன் ஆசிரியனுக்கும் மாணவிக்கும் இடையே திரையிட்டு, திரைக்கு அப்பால் இருப்பவள் கூனி என்று உதயணனிடமும், கற்பிப்பவன் தொழுநோயாளன் என்று மகளிடமும் பொய் கூறுகின்றான். ஒரு நாள் இருவரும் சினந்து ஒருவரையொருவர் இழித்துப் பேசத் திரை விலகுகின்றது; அழகிய இளையர் இருவர் நேருக்கு நேர் நிற்கின்றனர்.

ஒரே நகர். அங்கும் யானை, இங்கும் யானை. அங்கும் முதலில் குரல் வருகின்றது. முகம் பின்னரே வருகின்றது. உதயணன் கதையில் திரைக்குப் பின்னாலிருந்த கோணல் உடல் பொய்யாயிற்று. யசோதரன் கதையில் அது மெய்யாயிற்று. இரண்டாம் கதை முதற்கதையைத் தலைகீழாக்கி எழுந்தது என்று கருதுவதற்கு இவ்வொப்புமைகள் இடந்தருகின்றன. திரை விலகிய பின்னும் அமிர்தமதி பின்வாங்காமையே கேட்போரைத் திடுக்கிடச் செய்திருக்கும். அவளைக் காமத்தின் உருவமாகவே புலவர் காட்டினர். ஆயினும் பாட்டில் கேட்டதற்கும் கண்ணில் கண்டதற்கும் இடையே பாட்டையே அவள் தேர்ந்தாள் என்பதை எந்த வடிவமும் மறைக்கவில்லை.

சைனர் இசையை வெறுத்தனர் என்று இதனால் முடிவு கட்டுவது பிழை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையைச் சீவகன் வெல்வது யாழ்ப்போட்டியிலேதான். அங்கே பாடுபவன் அரசிளங்குமரன். அரசகுமரன் பாடினால் அது கலை, பாகன் பாடினால் அது வலை என்ற வேறுபாடு காப்பியப் புலவர் மனத்தில் இருந்தது. அது சமயம் சார்ந்தது அன்று, குலம் சார்ந்தது. பாகன் என்ற சொல்லுக்கு ஈடாகக் கன்னடத்தில் வழங்கும் மாவுத என்பதும் தமிழில் வழங்கும் மாவுத்தன் என்பதும், பேரதிகாரி என்று பொருள்படும் மகாமாத்ர என்னும் சொல்லிலிருந்து வந்தவை. சொல்லின் பிறப்பு உயர்வானது. சொல்லுக்குரியோரின் நிலை அவ்வாறு அமையவில்லை. மைசூர் தசரா ஊர்வலத்தில் பொன் அம்பாரியைச் சுமக்கும் யானையின் பெயரை நாடே அறியும். அதனை நடத்துவோரின் பெயரை, அவருள் பலர் நாகரகொளெக் காட்டுப் பகுதியின் ஜேனு குறும்பர் என்பதை, அறிந்தோர் சிலரே.

பேய்மகளிர்

சண்டமாரியின் கோயிலை மிக விரிவாகப் புனைந்தவர் சோமதேவர். வானிலிருந்தும் நிலத்தின் அடியிலிருந்தும் மகாயோகினிகள் அக்கோயிலை நோக்கிப் பாய்ந்து வருவதையும், அடியார் தம் தசையைத் தாமே அரிந்து படைப்பதையும் அவர் அச்சம் தோன்ற எழுதுகின்றார். கிருட்டிண காந்த ஹாண்டிகி 1949இல் வெளியிட்ட யசஸ்திலக ஆய்வில் இப்பகுதி காபாலிகர், கௌலர் வழிபாட்டு வரலாற்றோடு இணைத்து ஆராயப்பட்டுள்ளது. அவை முற்றிலும் கற்பனை அல்ல என்பது அவ்வாய்வால் விளங்கும். ஆனால் எதிர்ச்சமயத்தார் வரைந்த ஓவியம் என்பதையும் மறத்தலாகாது.

தமிழுக்கு இக்கூட்டம் புதிதன்று. பிணத்தலையை ஏந்தித் துணங்கை ஆடும் பேய்மகள் திருமுருகாற்றுப்படையில் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாலதி என்பாளின் கையிலிருந்த இறந்த குழந்தையை வாங்கி விழுங்குவது இடாகினிப் பேய். டாகினி என்னும் வடசொல் தமிழில் டகரம் மொழிமுதல் ஆகாமையால் இகரம் முன்னே பெற்று இடாகினி ஆயிற்று. அயல்நாட்டுப் பேயும் தமிழகத்துள் நுழையும்போது தொல்காப்பிய விதிக்குக் கட்டுப்பட்டே நுழைந்தது. கலிங்கத்துப்பரணியில் இப்பேய்கள் காளிக்கு ஏவல் செய்து, கூழ் அட்டு, நகையாடி மகிழ்கின்றன. பரணியைப் படிப்பவர்க்கு அச்சத்தைவிடச் சிரிப்பே மிகுதியாக வரும். யசோதர காவியம் படிப்பவர்க்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரே உருவம், வழிபடுவோர் நாவில் களிப்பாகவும் மறுப்போர் நாவில் நடுக்கமாகவும் மாறுகின்றது.

பேய்மகளும் இசைஞரும் ஒருவரேயான நிலையும் தமிழில் உண்டு. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர். நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்த அவரது திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் சுடுகாட்டுப் பேய்களின் ஆட்டத்தோடு சுரப்பெயர்களும் இசைக்கருவிகளும் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. அட்டபங்கனுக்கு வினையாக வாய்த்த கோர உடலை அம்மையார் வரமாகக் கேட்டார். இவ்விரு உருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. பார்க்க வேண்டியது இன்றியமையாதது.

மாரி என்ற சொல்லையும் இங்கு நோக்க வேண்டும். சங்க நூல்களில் மாரி பெரிதும் மழையே. கொள்ளைநோய், அதனைத் தரும் தெய்வம் என்னும் பொருள்கள் பின்னர் வருவன. சாவு என்னும் பொருளுடைய வடமொழி வேரோடு இவற்றை இணைப்போரும் உளர். மழையாகிய மாரியும் சாவாகிய மாரியும் ஒலியால் ஒன்றி, மழை தரும் மாரியம்மன் என்ற வழிபாட்டில் கலந்துவிட்டன. சைனக் கதையின் சண்டமாரியில் மழை இல்லை. சாவு மட்டுமே உள்ளது. மைசூரில் சாமுண்டி மலைக்கு அருகே உத்தனஹள்ளியில் கோயில் கொண்டுள்ள தேவியைச் சாமுண்டியின் தங்கை என்பர். அரக்கனின் குருதி மண்ணில் வீழாதபடி நாவை நீட்டி ஏந்தியவள் அவள் என்பது ஊர்வழக்கு. மக்கள் பாடல்களில் அவள் பெயர் உரிமாரி. கோயில் வழக்கில் ஜ்வாலாமுகி திரிபுரசுந்தரி. உரி என்பது கன்னடத்தில் எரிதல், சுடர். மாரி என்பது வடகன்னட வழக்கில் முகத்தையும் குறிக்கும். சுடர்முகத்தாள் என்று பொருள்கொண்டு, சொல்லுக்குச் சொல் வடமொழியாக்கிய பெயரே ஜ்வாலாமுகி என எண்ண இடமுண்டு. அவ்வாறாயின் சாவைத் தரும் மாரி, மொழிபெயர்ப்பின் வழியே சாவை இழந்து முகம் பெற்றாள் எனலாம். குருதி குடித்த நீள்நா மட்டும் கதையில் எஞ்சியது. கொங்கு நாட்டு ஆனைமலை மாசாணியம்மன் பெயரைச் சுடுகாடு எனப் பொருள்படும் மசானம் என்பதோடும், கன்னட மசண என்பதோடும் சேர்த்து ஆராய்தல் இதனை ஒத்த முயற்சியாகும்.

மாவும் மண்ணும்

கதையின் அற நடு மாக்கோழி. ஜன்னன் நூலில் அக்கோழியுள் ஒரு தெய்வம் புகுந்திருக்கின்றது. வாள் பட்டதும் கோழி கூவுகின்றது. உயிரில்லாப் பொருளை வெட்டியதற்கு இத்தனை பிறவித் துன்பமா என்ற வினா கேட்போர்க்கு எழும். கொல்லும் எண்ணமே கொலை என்பது சைனர் விடை.

இவ்விடைக்கு மாறாகத் தோன்றும் செய்தி ஒன்று தமிழ்ச் சைன நூலிலேயே உள்ளது. நீலகேசியில், அரசிக்குக் குழந்தை பிறந்ததற்காகக் காளிக்குப் பலியிட உயிர்களைக் கொணர்ந்தவரிடம், மண்ணால் உருவம் செய்து வைத்தால் போதும் என்று முனிசந்திரர் என்னும் சைன முனிவரே கூறுகின்றார். பலி இழந்த காளி தெற்கிலிருந்து பழையனூர் நீலியை உதவிக்கு அழைக்கின்றாள். முனிவரை அச்சுறுத்த வந்த நீலி அவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, பிற சமயத்தாரோடு வாதிடும் நீலகேசி ஆகின்றாள். காரைக்கால் அம்மையாரின் ஆலங்காடும் பழையனூரும் அண்டை ஊர்கள். ஒரே வட்டாரத்துப் பேயைச் சைவர் பாடகியாக்கினர். சைனர் தருக்க வாணியாக்கினர்.

மண் உருவுக்கு இசைந்த சமயம் மா உருவை மறுத்தது முரண் அன்று. நீலகேசியில் மண் உருவம் வைக்கப்படுகின்றது, வெட்டப்படுவதில்லை. யசோதரன் கதையில் மா உருவம் வாளால் துணிக்கப்பட்டு, படைக்கப்படுகின்றது. கை செய்த செயல் கொலைச் செயலே. இவ்வேறுபாட்டை எல்லாச் சமயத்தாரும் ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் துளு நாட்டில் தோன்றிய மத்துவர், வேள்விகளில் உயிர் விலங்குக்கு ஈடாக மாவினால் செய்த விலங்கைக் கொள்ளலாம் என்றார். ஜன்னன் 1209இல் மாக்கோழியைக் கூவ வைத்தான். அந்நூற்றாண்டிலேயே அதே கன்னட நாட்டில் மா விலங்கு சாத்திர ஏற்புப் பெற்றது.

சட்டமும் இவ்வழக்கில் புகுந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950இலும் மைசூர் மாநிலத்தில் 1959இலும் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அச்சட்டம் 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது ஊர்த்தெய்வ வழிபாட்டினரிடையே எதிர்ப்பு எழுந்தது. 2004இல் அது நீக்கப்பட்டது. கருநாடகச் சட்டம் நீடிக்கின்றது. மைசூரில் ஆயுத பூசையன்று கருவிகளின் முன்னும் ஊர்திகளின் முன்னும் குங்குமம் தடவிய சாம்பல் பூசணி உடைக்கப்படுகின்றது. வெள்ளைச் சதையில் பரவும் செந்நிறம் எதற்கு ஈடு என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. யசோதரன் கதையைக் கற்ற ஒருவர் நினையாதிருத்தல் அரிது.

கிரீஷ் கர்னாட் ஜன்னனின் கதையை 1980இல் ஹிட்டின ஹுஞ்ச, அதாவது மாக்கோழி, என்னும் நாடகமாக்கினார். ஜன்னன் கதையில் அரசி நோயுற்று நரகம் புகுகின்றாள். கர்னாட் நாடகத்திலோ சைன நெறியில் உறுதியாக நிற்பவளே அரசிதான்; பலியை மறுத்து இறுதியில் வாளுக்குத் தன்னையே தருபவளும் அவளே. பாகனுக்கு அங்கே பெயர் இல்லை. அட்டபங்கன் என்றோ அஷ்டாவங்கன் என்றோ எவரும் அவனை அழைப்பதில்லை. பாழடைந்த கோயிலின் இருளில் அமர்ந்து அவன் பாடுகின்றான். பாடி முடித்த பின், தன் அழகின்மையைப் பற்றித் தானே பேசுகின்றான்.